கண்ணியும் துப்பாக்கியும்: கேமரன் மலைத் தோட்டங்களில் வேட்டையின் அறம்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் வேட்டை என்றால் பெரும்பாலும் காட்டுப்பன்றி வேட்டைதான். அடுத்த இடம் குரங்குக்கு. புலி, கரடி, தபீர் ஆகியவற்றைத் தொடவே கூடாது என்கிறது மலேசியச் சட்டம். ஆனால் பன்றிக்கென்று வைக்கும் கம்பிக் கண்ணி அந்த வேறுபாட்டை அறியாது. பயிரைக் காக்க விலங்கைக் கொல்லலாமா, கொல்லலாம் என்றால் எந்த முறையில், எத்தனை, யார் சொல்லி என்னும் கேள்விகளை இந்த மலையில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. முறை தவறினால் மற்ற நியாயங்களும் சேர்ந்து சரிந்துவிடுகின்றன.

காடும் தோட்டமும் சந்திக்கும் இடம்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மேற்கே பேராக்கையும் வடக்கே கிளந்தானையும் தொட்டுக்கொண்டிருக்கிறது கேமரன் மலை மாவட்டம். பரப்பு சுமார் 712 சதுர கிலோமீட்டர். தித்திவங்சா மலைத்தொடரின் மேல் அமைந்த பகுதி இது. பிரிஞ்சாங் சிகரத்தின் உயரம் 2,031 மீட்டர். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இங்கு வந்துபோன பிறகு மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. தேயிலை வர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை அழித்து, சரிவில் வரிசை பிடித்து, செடி நட்ட உழைப்பில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களுடையது. இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டவர்களும் அந்த வேலையைச் செய்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் முன்புபோல் இல்லை.

மலைத்தோட்டம் முழுவதும் தேயிலையாக இருப்பதில்லை. சரிவுகளில் தேயிலை, ஓடைப் பள்ளங்களில் விட்டுவைத்த மரக்கூட்டம், முகட்டில் காடு, இடையில் லயம், லயத்தைச் சுற்றி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சௌசௌவும் போட்ட பாத்திகள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். இதனால் காடும் தோட்டமும் உரசிக்கொள்ளும் எல்லை மிக நீளமானது. காட்டுப்பன்றிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. பகலில் பள்ளத்துப் புதரில் படுத்துக் கிடந்து, இருட்டியதும் மேலேறி வந்து தின்றுவிட்டு, விடியுமுன் இறங்கிவிடலாம்.

முற்றிய தேயிலைச் செடி பன்றிக்கு உணவு இல்லை. அது தேடுவது மண்ணுக்குள் இருக்கும் புழுவையும் கிழங்கையும் வேரையும். மூக்கால் மண்ணைக் கிளறும்போது புதிதாக நட்ட கன்றுகள் சாய்கின்றன, வடிகால் கரைகள் இடிகின்றன. சமவெளியில் இது சிறிய சேதம். ஆனால் செங்குத்தான சரிவில், அடிக்கடி கனமழை பெய்யும் மலையில், கிளறிவிட்ட மண் அடுத்த மழைக்கே கீழே போய்விடும். லயத்துக் குடும்பத்தின் நட்டம் இன்னும் நேரடியானது. சம்பளத்துக்கு மேல் கைச்செலவுக்கு உதவும் மரவள்ளிப் பாத்தி ஒரே இரவில் போய்விடுகிறது. குட்டிகளோடு இருக்கும் தாய்ப்பன்றி விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவரை எதிர்கொண்டால் ஆபத்தும் உண்டு. பன்றியைக் கொல்லக்கூடாது என்று நகரத்திலிருந்து சொல்பவர்கள் இந்த நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வேட்டையாடியவர்கள்

தேயிலைக்கு மிக முன்பே இந்தக் காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் ஒராங் அஸ்லி மக்கள். கேமரன் மலையில் அவர்களில் பெரும்பாலோர் செமாய் இனத்தவர். வடக்கே தெமியார் மக்கள் இருக்கிறார்கள். மூங்கில் ஊதுகுழலும், ஈப்போ என்னும் மரத்தின் நஞ்சு தடவிய ஈர்க்கு அம்பும் அவர்களுடைய கருவிகள். விலங்கைப் பார்த்து எள்ளி நகையாடக்கூடாது, அப்படிச் செய்தால் இடியும் புயலும் வரும் என்பது செமாய் மக்களின் நம்பிக்கை. வேட்டையில் கிடைத்த இறைச்சியைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர்களிடம் கடமை. வாங்கியவர் நன்றி சொல்வது, கொடுத்தவர் கணக்குப் பார்த்தே கொடுத்தார் என்று குறிப்பதாகிவிடும் என்பதால் அது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. கொல்வதற்கு எல்லையும், கொன்றதைப் பகிர்வதற்கு ஒழுங்கும் வைத்திருந்த சமூகம் அது. வேட்டையின் அறம் பற்றிப் பேசும்போது மேல்நாட்டுத் தத்துவ நூல்களுக்குப் போவதற்கு முன் இதையும் பார்க்கலாம்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வேட்டை வேறு வகை. யானை, காட்டெருது, புலி ஆகியவற்றைச் சுடுவது பெருமைக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. அந்த மனப்போக்கு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1932-இல் பேராக்கின் தெலுக் ஆன்சன், அதாவது இன்றைய தெலுக் இந்தான் அருகே, தீபகற்ப மலேசியாவில் கடைசியாக அறியப்பட்ட ஜாவா காண்டாமிருகம் அருங்காட்சியகத்தில் வைப்பதற்காகச் சுடப்பட்டது. அரிதாகிவிட்டது என்று தெரிந்தே அதைச் சுட்டார்கள். அரிதானது என்பதே சுடுவதற்குக் காரணமாயிற்று. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்ததோடு அந்த நாட்டில் காண்டாமிருகங்களின் கதை முடிந்தது.

அதே காலத்தில் எதிர்த் திசையில் நடந்தவர் தியோடர் ஹப்பேக். ரப்பர் தோட்டக்காரர், பேர்பெற்ற வேட்டைக்காரர். யானை, காட்டெருது வேட்டை பற்றி 1905-இல் நூலே எழுதியவர். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். பகாங்கில் வனவிலங்குக் காவலராக மதிப்புறு பொறுப்பு வகித்தார். பயிருக்குத் தொல்லை என்று சொல்லி விலங்குகளை ஒட்டுமொத்தமாக அழிக்க வேண்டும் என்ற தோட்டக்காரர்களின் நெருக்குதல் வலுத்திருந்த சமயம் அது. 1930-இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1932-இல் அவர் தந்த அறிக்கை மூன்று தொகுதிகள் கொண்டது. அந்த உழைப்பின் பயனாகவே பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றிலும் பரவிய தேசியப் பூங்கா 1938-39-இல் உருவாயிற்று. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் இருந்த அந்தப் பூங்காதான் இன்றைய தாமான் நெகாரா. பயிர்ச்சேதம் என்ற காரணத்தை மட்டும் கேட்டுவிட்டு அன்றைக்கு அரசு முடிவெடுத்திருந்தால் அந்தக் காடு இந்த அளவில் மிஞ்சியிருக்காது.

தோட்டத் தொழிலாளர்களும் பன்றி வேட்டைக்குப் போனார்கள். நாய்களும் ஈட்டியும் அவர்களுடைய துணை. இறைச்சி லயத்தில் பங்கு போடப்பட்டது. கூலி குறைவாக இருந்த காலத்தில் அது உணவு. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் ஆயுதக் கட்டுப்பாடு கடுமையானது; அதன் பிறகும் மலேசியாவில் துப்பாக்கி உரிமம் எளிதில் கிடைப்பதில்லை. எனவே ஏழைக்குக் கைக்கு எட்டிய கருவி கம்பிக் கண்ணியாகவே இருந்துவந்திருக்கிறது. பழைய வாகனத்தின் பிரேக் கம்பி போதும். இந்த மலிவுதான் இன்றைய பெரிய சிக்கலுக்கு வேர்.

சட்டம் சொல்வது

தீபகற்ப மலேசியாவில் இப்போது நடப்பில் உள்ளது 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இது வந்தது. நடைமுறைப்படுத்துவது பெர்ஹிலித்தான் என்று எல்லோரும் சொல்லும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. விலங்குகளைச் சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முழுப் பாதுகாப்புப் பெற்றவற்றைத் தொடக்கூடாது. பாதுகாக்கப்பட்டவை என்ற வகையில் உள்ளவற்றை உரிமம் பெற்று வேட்டையாடலாம். காட்டுப்பன்றி இதில் வருகிறது. ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை உரிமமின்றி வேட்டையாடலாம், விற்கக்கூடாது. 2022-இல் செய்த திருத்தம் தண்டனையைப் பல மடங்கு உயர்த்தியது. அதிகபட்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட், சிறை 15 ஆண்டு வரை.

பயிரைக் காக்க விலங்கைக் கொல்ல நில உரிமையாளருக்கும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதலில் அதை விரட்டிப் பார்க்க வேண்டும் என்கிறது. இந்த வரிசை முக்கியமானது. கொல்வது உரிமையாக இல்லாமல், வேறு வழி பலிக்காதபோது மட்டும் எழும் தேவையாகச் சட்டத்தில் இடம்பெறுகிறது. கண்ணியைப் பொறுத்தவரை எந்த விதிவிலக்கும் வேண்டியதில்லை என்று சட்டம் முடிவுசெய்துவிட்டது: வைப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

பன்றி ஏன் பெருகுகிறது

காட்டுப்பன்றி வேகமாகப் பெருகும் விலங்கு. சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு; ஓர் ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். இதை மட்டுப்படுத்தி வந்தது புலி. மலாயாப் புலியின் இரையில் பன்றிக்கும் கடமானுக்கும் கேளையாட்டுக்கும் முக்கிய இடம் உண்டு. வளர்ந்த புலி ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரைவிலங்குகள் தேவைப்படும். 1950-களில் மலாயாவில் 3,000 புலிகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு 150-க்கும் குறைவு என்று கண்டது.

புலி இல்லாத காட்டில் பன்றி என்ன ஆகும் என்பதை நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் பார்த்தார்கள். 1990-களில் அங்கே ஆய்வு செய்த காலன் இக்கஸ் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1996-இல் 47, 1998-இல் 27 என்ற அளவில் பன்றிகள் இருப்பதைக் கணக்கிட்டார். மழைக்காட்டுக்கு இது மிக மிக அதிகம். பெரிய ஊனுண்ணிகள் அற்றுப்போனது ஒரு காரணம். சுற்றிலும் இருந்த செம்பனைத் தோட்டங்களின் பழம் ஆண்டு முழுவதும் கிடைத்தது மற்றொன்று. சினைப்பன்றி ஈனும் கூட்டைக் கட்ட இளமரக் கன்றுகளை ஒடிக்கும். ஒரு கூட்டுக்குச் சராசரியாக 250-க்கு மேற்பட்ட கன்றுகள் போயின. தோட்டம் ஊட்டி வளர்த்த பன்றி காட்டின் அடுத்த தலைமுறையைத் தின்றுகொண்டிருந்தது.

வேட்டையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. புலியைப் போக்கியது மனிதன். பன்றிக்கு உணவு கொடுத்ததும் மனிதன். எனவே புலி செய்த வேலையை மனிதனே செய்ய வேண்டும். வாதத்தின் முதல் பாதி முழுக்க உண்மை. இரண்டாம் பாதியில் ஒரு குறை இருக்கிறது. எளிதில் பிடிபடும் குட்டியையும் நலிந்ததையும் அடித்துக்கொண்டே, ஆண்டு முழுவதும், பன்றிகளை ஓரிடத்தில் நிலைகொள்ள விடாமல் நகர்த்திக்கொண்டே இருப்பது புலி. துப்பாக்கிக்காரர் எப்போதாவது வருகிறார், பெரிய உருவத்தைக் குறிபார்க்கிறார். ஐரோப்பாவில் கடுமையாக வேட்டையாடப்பட்ட பன்றிக் கூட்டங்களில் பெண்பன்றிகள் இன்னும் இளவயதிலேயே ஈனத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கொன்று இங்கொன்றாகச் சுட்டால் இறைச்சி கிடைக்கும். எண்ணிக்கை குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குறிக்கோளை அடையாத கொலைக்குக் குறிக்கோளைக் காரணமாகக் காட்டுவது நேர்மையாகாது.

கண்ணி

எல்லா முறைகளிலும் மிகக் கொடியது கண்ணி. இழுக்க இழுக்க இறுகும் இரும்புக் கம்பி அது. காலில் மாட்டிய விலங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். தப்பித்தாலும் பல நேரம் பாதத்தை இழந்துதான் தப்பிக்கும். வைத்தவர் திரும்பி வராவிட்டால் கண்ணி மாதக்கணக்கில் கொன்றுகொண்டே இருக்கும். பன்றியின் தடம், கேளையாட்டின் தடம், புலியின் தடம் மூன்றும் காட்டில் ஒரே பாதையில்தான் போகின்றன.

தென்கிழக்காசியாவையே இது காலி செய்துகொண்டிருக்கிறது. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கலாம் என்று உலக இயற்கை நிதியம் 2020-இல் மதிப்பிட்டது. மலேசியக் காடுகளில் எல்லை தாண்டி வரும் கும்பல்கள் புலிக்கென்றே கண்ணி வைக்கின்றன. இவற்றை ஒடுக்க 2019-இல் காவல்துறையும் பெர்ஹிலித்தானும் சேர்ந்து கூட்டு நடவடிக்கையைத் தொடங்கின. தோட்டத்து ஓரத்தில் பன்றிக்காக ஒருவர் வைக்கும் கண்ணிக்கும் கும்பல் வைக்கும் கண்ணிக்கும் நோக்கத்தில் பெரிய வேறுபாடு உண்டு. சிக்கிக்கொண்ட புலிக்கு அந்த வேறுபாடு எந்த உதவியும் செய்யாது.

இலங்கைத் தேயிலை மலைகளில் இது கண்ணுக்கு நேராக நடந்தது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், தோட்டத்தை ஒட்டி வைத்திருந்த கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. இலங்கையில் மிக அரிதான அந்த விலங்கை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாள்களில் இறந்துவிட்டது. அதே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடிபொருள் வைத்த தின்பண்டத்தைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. அந்த வெடியும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்பட்டதே. பன்றியின் பெயரால் செய்யப்படும் கண்மூடித்தனமான கொலைக்கு வேறு விலங்குகள் விலை கொடுப்பது பல இடங்களில் ஒரே மாதிரி நடக்கிறது.

கேமரன் மலைக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. வடக்கே ஒட்டியிருக்கும் குவா மூசாங் மாவட்டத்தில் 2022 ஜனவரியில் ஒராங் அஸ்லி ஒருவர் புலி தாக்கி இறந்தார்; அந்தப் புலியைச் சுட வேண்டியதாயிற்று. இரை குறைந்த காட்டிலிருந்தும், காயத்தால் வேட்டையாடும் வலுவிழந்த நிலையிலும் புலி குடியிருப்பை நாடும். கண்ணி இந்த இரண்டு நிலைமைகளையும் உண்டாக்குகிறது.

குரங்கின் கணக்கு

குரங்குச் சிக்கலுக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. சாலையோரம் சுற்றுலாப் பயணிகள் நீட்டும் ரொட்டியும், மூடாத குப்பைத் தொட்டியுமே நெடுவால் குரங்கைத் துணிச்சலாக்கின. மலேசியா நெடுங்காலம் இதற்குச் சொன்ன பதில் சுட்டுத் தள்ளுவது. 2012-ஆம் ஆண்டில் மட்டும் 97,000-க்கும் மேற்பட்ட நெடுவால் குரங்குகள் அரசின் கணக்கிலேயே கொல்லப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டிலும் ஏறக்குறைய 88,000. பத்து ஆண்டு கழித்து, 2022-இல், இதே குரங்கினத்தை அழியும் ஆபத்தில் உள்ளது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஊருக்குள் நிறைய இருப்பதால் அந்த இனமே நிறைய இருப்பதாக எண்ணிவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இது சான்று.

கொல்லாமலும் குறைக்கலாம் என்பதை ஹாங்காங் காட்டியிருக்கிறது. அங்கே 1999 முதல் குரங்குக்கு உணவு கொடுப்பது குற்றம். 2007 முதல் குரங்குகளைப் பிடித்துக் கருத்தடை செய்து விடுகிறார்கள். பிறப்பு விகிதம் கணிசமாக இறங்கியது. செலவும் பொறுமையும் தேவைப்படும் வழிதான். துப்பாக்கியைப் போல ஒரே நாளில் பலன் தெரியாது.

தொல்லை என்று ஒதுக்கிய விலங்கு உதவியாகவும் இருக்கலாம். பேராக்கின் செகாரி பகுதியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உடன் பணியாற்றியவர்களும் செம்பனைத் தோட்டத்துக்குள் வரும் பன்றிவால் குரங்குகளைப் பின்தொடர்ந்தார்கள். 2019-இல் வெளியான முடிவு தோட்டக்காரர்களை வியக்கவைத்தது: ஒரு குரங்குக் கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைத் தின்கிறது. குரங்கு தின்னும் பழத்தைவிட எலி செய்யும் சேதம் பல மடங்கு பெரியது. தேயிலை மலையின் கணக்கு செம்பனைக் கணக்கைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சுடுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

அறத்தின் வாதங்கள்

இந்த விவாதத்தில் இரண்டு பெரிய நிலைப்பாடுகள் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு விலங்கின் வலியும் கணக்கில் வர வேண்டும் என்பது ஒன்று. மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் 1975-இல் எழுதிய நூலுக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. தனி விலங்கைவிட மண்ணும் நீரும் மரமும் விலங்கும் சேர்ந்த முழுமையே முக்கியம் என்பது மற்றொன்று. அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு 1949-இல் வெளியான நூலில் இதை நிலைநாட்டினார். முன்னது பன்றியைச் சுடாதே என்கிறது. பின்னது, காடு அழியும் அளவுக்குப் பன்றி பெருகினால் சுடு என்கிறது. கணக்குவழக்கில்லாமல் கொல்வதை இரண்டும் ஏற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லியோபோல்டு தாமே வேட்டைக்காரராக இருந்தும், ஓநாய்களை ஒழித்தால் மான் பெருகிப் பயன் தரும் என்ற தம் பழைய எண்ணத்தைக் கைவிட்டவர்.

தமிழ் மரபில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. திருக்குறளின் கொல்லாமை அதிகாரம் உயிர்க்கொலையை அறவே விலக்குகிறது. அதே நூலின் செங்கோன்மை அதிகாரம் கொடியவர்களைத் தண்டிப்பதைக் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறது. பயிர்ச்சேதம் செய்யும் விலங்கைக் கொல்வதற்குச் சிலர் இந்த இரண்டாவதைத் துணைக்கு அழைப்பதுண்டு. அது பொருந்தாது. அங்கே பேசப்படுவது குற்றம் செய்த மனிதன். பன்றிக்குக் குற்றம் என்பது கிடையாது. அது பசிக்கு மண்ணைக் கிளறுகிறது. எனவே அதற்குத் தண்டனை என்ற பேச்சே பொருளற்றது. அதைக் கொல்ல நேர்ந்தால் தேவை என்ற ஒரே காரணத்தால்தான் கொல்ல முடியும். அந்தத் தேவையை நிரூபிக்கும் பொறுப்பு மனிதனுடையது.

சங்க காலத்துக் குறிஞ்சி நிலம் இதற்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி. தினைப்புனத்தில் பரண் கட்டி, தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஓசை எழுப்பியும் கவண்கல் எறிந்தும் கிளியையும் விலங்கையும் ஓட்டினார்கள். அதே நிலத்தில் வேட்டுவரும் இருந்தார்கள், பன்றியும் கொல்லப்பட்டது. ஆனால் பயிர் காக்கும் அன்றாட முறை காவல்தான். விளைச்சல் இருக்கும் சில வாரங்களுக்கு ஆள் கண்விழித்துக் காத்தார். இன்றைய தோட்டத்தில் இரவுக் காவலுக்கு ஆள் போடுவது செலவு என்று தோன்றும். கண்ணி செலவே இல்லை என்று தோன்றும். கண்ணியின் செலவைக் காடு கொடுக்கிறது.

காவலுக்கு இன்று வேறு துணைகள் உண்டு. லயத்துப் பாத்திகளைச் சுற்றித் தாழ்வான, உறுதியான கம்பிவேலி. நாற்றங்காலுக்கும் புதிய நடவுக்கும் குறைந்த மின்துடிப்பு வேலி. ஓடைப் பள்ளத்தின் ஓரப் புதரை லயத்துக்கு அருகில் மட்டும் வெட்டி வைப்பது. குப்பையை மூடி வைப்பது. வேலி போட வேண்டியது எங்கே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழுத் தோட்டத்தையும் வளைத்தால் விலங்கின் வழித்தடம் அறுந்துபோகும். பாத்தியையும் நாற்றங்காலையும் வளைத்தால் போதும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. அது பன்றியோடு மனிதரையும் கொல்லும்.

யானை விஷயத்தில் மலேசியா ஏற்கெனவே ஒரு முறை மனம் மாறியிருக்கிறது. தோட்டங்களை அழித்த யானைகளைச் சுட்டுவந்த நாடு 1974 முதல் அவற்றைப் பிடித்து வேறு காட்டில் விடத் தொடங்கியது. பகாங்கின் லஞ்சாங் அருகே உள்ள கோலா காண்டா யானை மையம் அந்தப் பணியிலிருந்து பிறந்தது. இடமாற்றத்திலும் குறைகள் உண்டு. விட்ட யானைகள் சில திரும்பி வந்தன, புதிய இடத்தில் புதிய மோதல் எழுந்தது. இருந்தும் சுடுவதே ஒரே வழி என்ற எண்ணம் மாற முடியும் என்பது உறுதியாயிற்று.

யார் முடிவெடுப்பது

வனவிலங்குக் கட்டுப்பாட்டில் பின்பற்ற வேண்டிய நெறிகளைப் பல நாட்டு அறிஞர்கள் கூடி வகுத்து 2017-இல் வெளியிட்டார்கள். முதலில் மனிதர் தம் பழக்கத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். சேதத்துக்குச் சான்று வேண்டும். எட்ட வேண்டிய இலக்கு முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். வலி மிகக் குறைந்த முறையே வேண்டும் என்று அவை போகின்றன. தொல்லை விலங்கு என்ற முத்திரையை வைத்து முடிவெடுக்கக் கூடாது, அந்த இடத்தின் உண்மை நிலையை வைத்தே எடுக்க வேண்டும் என்ற நெறி தேயிலை மலைக்கு மிகவும் தேவையானது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் எடுத்த முடிவு இங்கே ஒப்பிடத்தக்கது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். கேரளம் 2022-இல் வேறு வழியில் போனது: சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. உழவருக்கு விரைவில் பதில் கிடைக்கும் என்பது கேரள முறையின் பலம். காட்டுக்கு அருகில் இருக்கும் பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் இரை என்பதை ஒப்புக்கொண்டது தமிழ்நாட்டு முறையின் பலம். கேமரன் மலையில் ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களும் காட்டை ஒட்டியே இருப்பதால் தமிழ்நாட்டு அளவுகோலின்படி அங்கே சுடுவதற்குரிய இடம் மிகச் சொற்பமே கிடைக்கும். விலங்கு செல்ல வேறு இடமில்லாத மலையில் அதுதான் பொருத்தமான அளவு.

எண்ணிக்கை தெரியாமல் வழங்கும் உரிமம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு நோய் வெளிப்படுத்தியது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இன் தொடக்கத்தில் சபாவில் உறுதியானது. அந்த ஆண்டின் இறுதிக்குள் தீபகற்பத்துக்கும் வந்து, காட்டுப்பன்றிகளையும் தொற்றியது. மனிதருக்குப் பரவாத நோய் இது; பன்றிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். சபாவில் தாடிப்பன்றிகள் கூட்டமாக மடிந்தபோது வேட்டை உரிமம் வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டது. தீபகற்பத்தில் புலி குடியிருப்புகளை நெருங்கிய நிகழ்ச்சிகளுக்குப் பன்றி குறைந்ததும் ஒரு காரணம் என்று வனவிலங்கு அறிஞர்கள் கருதுகிறார்கள். நேற்றுவரை அளவுக்கு மிஞ்சியது என்று சொல்லப்பட்ட விலங்கு சில மாதங்களில் புலிக்கே போதாத இரையாகிவிட்டது.

ஆகவே பழைய எண்ணிக்கையை வைத்து உரிமம் தருவது போதாது. தோட்டந்தோறும் சேதம் நடந்த இடமும் நாளும் பதிவாக வேண்டும். தானியங்கிக் கேமரா வைத்துப் பன்றியும் புலியும் வரும் தடங்களைப் பார்க்க வேண்டும். அந்தத் தகவல் பெர்ஹிலித்தானின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இறந்த பன்றியைக் கண்டால் தொடாமல் துறைக்குச் சொல்ல வேண்டும். சுட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் பயிற்சி பெற்றவர் சுட வேண்டும், குட்டி பால்குடிக்கும் காலத்தில் தாயைத் தவிர்க்க வேண்டும், காயம்பட்டது தப்பினால் பின்தொடர்ந்து முடிக்க வேண்டும். ஓடைப் பள்ளத்தில் கண்ணி ஒன்றைப் பார்க்கும் கொழுந்தெடுப்பவருக்கு அதை யாரிடம் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். சொன்னதற்காக அவர் வேலைக்கு இடையூறு வரக்கூடாது. அவர் தமிழராக இருந்தாலும் வங்காளதேசத்தவராக இருந்தாலும், காட்டின் ஓரத்தில் தினமும் நடப்பவர் அவர்தான். கண்ணியை முதலில் காணப்போகிறவரும் அவரே.